புதன்கிழமைக்குச் சாமி இல்லை

14 ஜூலை 1958, திங்கள்

எங்கள் கல்லூரி முதல்வர் மாணவர்களைப் பட்டினி போடுகிறார். அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறார்.

இன்று மத்தியானம் மணி அடித்ததும் விடுதிக்காரர்கள் மெஸ்ஸுக்குப் போனார்கள். தூக்குச்சட்டி கொண்டுவந்தவர்கள் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். இரண்டும் இல்லாத நாங்கள் நாலைந்து பேர் நூலகப் படியில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம். முதல்வர் ராமசுப்பிரமணியன் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"சாப்பிடப் போகவில்லையா?"

"இன்னைக்கு விரதம் சார்" என்றான் பால்சாமி.

"சோமவாரமா? பேஷ்!" பிறகு என்னைப் பார்த்தார். "மலையாண்டி, நீயுமா? போன வருஷம் கடவுள் தேவையா என்று மேடையில் முழங்கினாயே!"

"நானும்தான் சார்."

"நல்ல மாற்றம்." என் முதுகில் தட்டிவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனார்.

கடவுள் இல்லை என்று பேசிப் பரிசு வாங்கியவன் நான். மத்தியானம் பன்னிரண்டரைக்கு மட்டும் கடவுள் வந்துவிடுகிறார். வேறு என்ன சொல்வது? சோறு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விரதம் என்றால் மரியாதையாக இருக்கிறது.

16 ஜூலை, புதன்

திங்கள் சிவனுக்கு. செவ்வாய் முருகனுக்கு. வியாழன் குருவுக்கு. வெள்ளி அம்மனுக்கு. சனி பெருமாளுக்கு. புதன்கிழமைக்குச் சாமி இல்லை. யாரும் கேட்டுவிடக் கூடாது என்று குழாயடியில் தண்ணீரைக் குடித்துவிட்டு, கழிப்பறைப் பக்கமே அரை மணி நேரம் சுற்றினேன்.

2 ஆகஸ்ட், சனி

சிக்கல், எங்கள் ஊர். வீட்டுக்கு வந்தேன். மழை ஏமாற்றிவிட்டது. அய்யா கொஞ்சம் குதிரைவாலி கட்டிவைத்திருக்கிறார். கல்லூரிக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிற வாடகை அறையில் காலையும் ராத்திரியும் கஞ்சி காய்ச்ச அது போதும், நானும் பால்சாமியும் பங்கு போட்டால். மத்தியானத்துக்கு வராது.

தங்கை செவ்வந்தி மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சோறு போடுகிறார்கள். இவள் இரண்டாம் தடவை வாங்கினாளாம். கன்னம் உப்பியிருக்கிறது.

"அண்ணே, ஒங்க பள்ளிக்கூடத்துல நேத்து என்ன சோறு?"

"நேத்து எனக்கு விரதம்."

"முந்தாநாளு?"

"அன்னைக்கும் விரதம்."

"அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துல சோறு போட மாட்டாங்களா? அப்ப ஏன் போற? எங்க பள்ளிக்கூடத்துக்கு வா."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எரிச்சல் வந்தது. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைக்கு வயிறு இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரிகிறது. பி.ஏ. வந்தால் வயிறு உதிர்ந்து போய்விடுமா? பாம்புக்குச் சட்டை உரிகிற மாதிரி?

27 ஆகஸ்ட், புதன்

மானம் போயிற்று. ஆனாலும் எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மத்தியான மணிக்கு முந்தின வகுப்பு, முதல்வருடைய ஆங்கில வகுப்பு. பால்சாமி பெஞ்சில் தலை சாய்த்துவிட்டான். கூப்பிட்டு எழுப்பினார்.

"என்ன பால்சாமி?"

"விரதம் சார்."

"இன்று புதன்கிழமை ஆயிற்றே?"

பால்சாமி திணறினான். பிறகு, "சஷ்டி சார்" என்றான்.

பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தார். "நீயும் வாடியிருக்கிறாய். உனக்கு?"

பால்சாமி சொன்னது என் காதில் விழவே இல்லை. நான் எனக்குத் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்: "ஏகாதசி சார்."

வகுப்பு சிரிப்பில் இடிந்து விழுந்தது. ஆறாம் நாளும் பதினோராம் நாளும் ஒரே பெஞ்சில்! முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்று பிரதோஷமப்பா" என்றார்.

பிரதோஷம்! புதன்கிழமையில் நிஜமாகவே ஒரு விரதம் வந்திருக்கிறது. பஞ்சாங்கம் தெரிந்திருந்தால் தப்பித்திருப்போம். நாத்திகனுக்குப் பஞ்சாங்கம் அவசியம் என்று இன்றுதான் புரிந்தது.

வெளியே வந்ததும் சுஐபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கீழக்கரைக்காரன், எங்கள் வகுப்பு. "ஏலே, நாங்க ஒரே ஒரு பிறையைப் பாக்குறதுக்கே ஊரெல்லாம் மொட்டை மாடியில ஏறி நிப்போம். ஒங்களுக்கு ஒரே நாள்ல மூணு பிறையா? பேரு வேற மலையாண்டி, முருகன் பேரு!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் தூக்குச்சட்டியைத் திறந்து எங்கள் முன்னால் வைத்தான். "எங்களுக்கு முப்பது நாள்தான்லே நோம்பு. ஒங்களுக்கு வருஷம் பூராவா? உண்மையைச் சொல்லு."

நாங்கள் சொல்லவில்லை. சாப்பிட்டோம்.

3 செப்டம்பர், புதன்

முதல்வருக்குப் புதிய யோசனை. நூலக வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார்: "விரதம் காக்கும் மாணவர்கள்". அவர் கையாலேயே சாக்கட்டியில் பெயர்கள். எங்களைப் பார்த்து மற்றவர்களும் ஒழுங்குக்கு வரட்டுமாம்.

முப்பத்தெட்டுப் பேர். இத்தனை பேரா? நான் பத்துப் பதினைந்து என்று நினைத்திருந்தேன். பெண்கள் பெஞ்சில் உள்ள மூன்று பேரில் பூமயில் பெயரும் இருக்கிறது, 'வெள்ளிதோறும்' என்று. நான் அவளை உண்மையான பக்தை என்று நினைத்து உள்ளுக்குள் கேலி செய்துகொண்டிருந்தேன். அவளுக்கும் எங்கள் விரதம்தானோ? வெட்கமாக இருக்கிறது.

இந்த ஜில்லாவில் பசித்தவர்களை ஒரே பலகையில், பெயர் ஊரோடு, அழகான கையெழுத்தில் எழுதி வைத்த முதல் ஆள் எங்கள் முதல்வர்தான். அவருக்கே அது தெரியாது.

10 செப்டம்பர், புதன்

வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு "விரத மகிமை". முதல்வர் உத்தரவு. திருந்தியவன் வாயால் கேட்டால் பலமாம்.

அறையில் பால்சாமியிடம், "மேடையில போட்டு ஒடைச்சிருவேன்" என்றேன். அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கணக்கில் அவனை மிஞ்ச இந்தக் கல்லூரியில் ஆள் இல்லை, வாத்தியார் உட்பட. நோட்டை மூடினான்.

"என் பேரைச் சொன்னே, அன்னைக்கு ராவே எங்க ஊரு உப்பூருக்குப் போயிருவேன்."

"சொல்லாட்டா?"

"சொல்லாட்டாலும் தீவாளியோட போறேன். எதை வச்சுலே படிக்கிறது? மூணாவது பீரியட்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. உப்பளத்துல வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அங்கன மத்தியானம் கஞ்சியாச்சும் ஊத்துவாங்க."

கஞ்சிக்காக. ஒரு வேளைக் கஞ்சிக்காக இவன் உப்பு அள்ளப் போகிறான். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வேன்?

12 செப்டம்பர், வெள்ளி

பேசினேன்.

"நான் சஷ்டியும் இருந்ததில்லை, ஏகாதசியும் இருந்ததில்லை. என் விரதத்துக்குக் காரணம் தெய்வம் இல்லை, மழை. எனக்கு மத்தியானம் சோறு இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு மாதமாக ஐந்து சாமிகளின் பெயரால் பொய் சொன்னேன்." என்னைப் பற்றி மட்டும் சொன்னேன். வேறு யார் பெயரும் எடுக்கவில்லை.

முதல்வர் எழுந்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தேன். கைதட்டினார்!

"தன் விரதத்தைத் தானே மறைக்கிற இந்தப் பணிவு இருக்கிறதே, அதுதான் விரத மகிமை" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒரு சந்தன மாலை போட்டார்கள்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

13 செப்டம்பர், சனி

ஆனால் நடந்தது வேறு.

காலையில் சைக்கிள் கொட்டகையில் ஒருவன் காதோரம், "எனக்கும் செவ்வாக்கிழமை பொய்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினான். குழாயடியில் இன்னொருவன். மாடிப்படியில் இரண்டு பேர். திருடர்கள் ரகசியம் பேசுகிற மாதிரி வந்து வந்து ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு.

பூமயில் மட்டும் ஒளியவில்லை. இரண்டு வருஷத்தில் எந்தப் பையனிடமும் பேசாதவள், நடு வராந்தாவில் நின்று சொன்னாள்: "மாலையை வாங்கிட்டு வந்துட்டீங்க. அடுத்து என்ன செய்யப் போறீங்க? பேசுனா வயிறு ரொம்பிருமா?"

அவளே தொடர்ந்தாள்:

"வீட்டுல இருந்து வாரத்துக்கு ஒரு படி கம்பு என்னால கொண்டாற முடியும். தனியாக் காய்ச்ச அடுப்பு இல்லை, பானை இல்லை. முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு படி கொண்டாந்தா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? மேடையில் ஏறுகிற மூளைக்கு அடுப்பு தெரியாது.

21 செப்டம்பர், ஞாயிறு

கீழக்கரை. முப்பத்தெட்டுப் பேருக்குக் காய்ச்சுகிற பாத்திரம் எங்கே கிடைக்கும் என்று ஒரு வாரம் அலைந்தேன். கல்யாண வீட்டுப் பாத்திரத்துக்கு வாடகை கேட்டார்கள். விடுதி மெஸ்ஸில் கேட்டதற்குச் சமையல்காரர் கரண்டியை ஓங்கினார். கடைசியில் சுஐபுதான் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"எங்க தெருப் பள்ளிவாசல்ல நோம்புக் கஞ்சிச் சட்டி பதினோரு மாசம் சும்மாதான கவுந்து கெடக்கு!"

ஜமாஅத் தலைவர் அப்துல் அஜீஸிடம் கூட்டிப் போனான். வெள்ளைத் தாடி, கூர்மையான பார்வை. எல்லாவற்றையும் கேட்டார்.

"எத்தனை பேரு?"

"முப்பத்தெட்டு."

"முஸ்லிம் பிள்ளைக எத்தனை?"

"ரெண்டு."

நான் மறுப்பை எதிர்பார்த்து விறைத்து நின்றேன். வாயில் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. அவர் சுஐபைப் பார்த்துக் கத்தினார்: "பசியோட இருக்கிற பிள்ளைய நிக்க வச்சு என்னைக் கணக்குக் கேக்க வச்சுட்டியேடா ஹராம்பிறப்பு! சாவி அந்த மாடத்துல இருக்கு. எடுத்துட்டுப் போ."

பிரசங்கம் வீணாயிற்று.

சுஐபின் வீட்டில் அவன் அம்மா ஜுனைதா திரைக்குப் பின்னாலிருந்து செய்முறை சொன்னார். வெந்தயம், பூண்டு, பாசிப்பருப்பு, கடைசியில் தேங்காய்ப்பால். "கையை நிறுத்தாமக் கிண்டணும் வாப்பா. நிறுத்துனா அடி பிடிச்சிரும்" என்றார். ஒரு பொட்டலம் வெந்தயமும் நெத்திலிக் கருவாடும் வந்தன.

சட்டியைப் பஸ் மேலே ஏற்ற ஆறு பேர். கண்டக்டர், "உள்ள ஆளு இருக்கா? ஆளு இருந்தா டிக்கெட்டு" என்றார். வழியெல்லாம் முரசு அறைகிற மாதிரி அது கூரையில் உருண்டு சத்தம் போட்டது. ராமநாதபுரம் வரைக்கும் பஸ் முழுக்கச் சிரிப்பு.

24 செப்டம்பர், புதன்

வேண்டுமென்றேதான் புதன்கிழமை வைத்தேன்.

கல்லூரி மதிலுக்குப் பின்னால், பனைகளுக்கு நடுவே அடுப்பு. எரிக்கப் பனைமட்டை. கம்பு, கேப்பை, குதிரைவாலி, யாரோ ஒருவன் கொண்டுவந்த நெல்லரிசி, எல்லாம் ஒரே சட்டியில். தட்டு யாரிடமும் இல்லை. பதநீர் குடிக்கிற மாதிரி பனையோலையில் பட்டை பிடித்தோம்.

"யாரு கிண்டுறது?" என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. இதன் அர்த்தம் எனக்குத் தெரியும். "நான் கிண்டுறேன். எவனுக்கு ஆட்சேபணை?" என்று அகப்பையைப் பிடித்தேன். கிண்டிக்கொண்டே சமத்துவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பேச்சில் கை நின்றுவிட்டது. அடி பிடித்துப் புகை நாற்றம் மதில் தாண்டிப் போனது.

கருகிய கஞ்சியை முப்பத்தோரு பேர் குடித்தோம். பூமயிலும் இன்னும் இரண்டு பெண்களும் பனை மறைவில் நின்று குடித்தார்கள். "பேசாமக் கிண்டத் தெரியாதா அந்த ஆளுக்கு?" என்று அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. இவ்வளவு ருசியான எதையும் நான் தின்றதில்லை. எல்லோருக்கும் மீசை முளைத்திருந்தது, கஞ்சியால்.

1 அக்டோபர், புதன்

இன்று என் கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கிக்கொண்டான் பால்சாமி. சின்ன வயசிலிருந்து வீட்டில் அவன்தான் காய்ச்சுகிறவன். அவன் அம்மா விடியுமுன்னே அடுத்தவர் வயலுக்குப் போய்விடுவாள். அவன் எந்தத் தெருக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். வரிசையில் நின்ற சேதுராமனும் இன்னும் இரண்டு பேரும் பட்டையைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்கள்.

நான் கத்தப் போனேன். பால்சாமி, "விடுலே, அடி பிடிக்கும்" என்றான். கிண்டுவதை நிறுத்தவில்லை.

கஞ்சி அமிர்தம். என்னுடையது வெறும் சாம்பல் என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

15 அக்டோபர், புதன்

சேதுராமன் திரும்பி வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வரிசையில் நின்றான். பால்சாமி அவனுக்கு ஊற்றும்போது, "என்ன தம்பி, இன்னைக்குச் சஷ்டியா, ஏகாதசியா?" என்றான். சேதுராமனே சிரித்துவிட்டான். இன்னொருவன் நாலு நாள் கழித்து வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறான். மூன்றாமவன் வரவில்லை. வராமல் போகட்டும். எனக்கு எல்லோரையும் மன்னிக்கிற மனசு இல்லை.

20 அக்டோபர், திங்கள்

இனி தினமும். ஞாயிறு மட்டும் லீவு.

3 நவம்பர், திங்கள்

கரும்பலகையில் ஒரு பெயரும் இல்லை. முதல்வர் மிகவும் வருத்தப்பட்டாராம். "மாணவர்களிடையே பக்தி குறைந்துவிட்டது."

8 நவம்பர், சனி

தீபாவளி விடுமுறை. பால்சாமி தகரப் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே என்று பயம்.

17 நவம்பர், திங்கள்

மழை கொட்டுகிறது. கல்லூரி திறந்து முதல் நாள். மத்தியானம் வரை பால்சாமி இல்லை. அடுப்பு நனைந்து புகைகிறது, நான் கண்ணெரிய ஊதிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஈர மட்டையை எவன்டா வச்சது? வெலகுலே அங்கிட்டு!"

பெட்டியையே குடையாகத் தலையில் வைத்து நனையாமல் வந்திருக்கிறான். "உப்பளம் என்னலே ஆச்சு?" என்றேன். "மழையில உப்பு எங்கன வெளையும்? அதோட நான் போனா நீ இந்தப் பிள்ளைகளுக்குக் கரியை ஊத்திக் கொன்னுருவே" என்றான்.

கட்டிப்பிடித்தேன். எல்லோரும் கூவினார்கள். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

5 டிசம்பர், வெள்ளி

நிர்வாகத்துக்கு மனு எழுதினேன். நாற்பத்தெட்டுக் கையெழுத்து. சின்னப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் சோறு போடுகிறது. கல்லூரி தன் மாணவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளை போட வேண்டும். கூரையும் அரிசியும் கல்லூரியின் பொறுப்பு. பசித்தவன் தன் படியைத் தானே சுமந்து வந்து தானே காய்ச்சிக் குடிப்பது ஏற்பாடு ஆகாது. கோடையில் எங்கள் வீடுகளில் அந்தப் படியும் இருக்காது.

முதல்வர் படித்தார். "அழகான தமிழ்" என்றார்.

12 ஜனவரி 1959, திங்கள்

இரண்டாவது மனு. "யோசிக்கிறோம்."

அரையாண்டுத் தேர்வில் பால்சாமி கணக்கில் நூற்றுக்கு நூறு. வாத்தியார் இரண்டு தடவை திருத்திப் பார்த்தாராம். பூமயில் ஆங்கிலத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டாள். "பேசாமப் படிச்சேன்" என்றாள்.

9 பிப்ரவரி, திங்கள்

மூன்றாவது மனு. பதில் இல்லை. இன்று சட்டியைச் சுற்றி ஐம்பத்தாறு பேர். விடுதியிலிருந்தே நாலு பேர் வந்து வரிசையில் நிற்கிறார்கள், மெஸ் சாம்பாரை விட இது மேலாம்!

6 மார்ச், வெள்ளி

இன்று முதல்வர் வந்தார். தானாக வந்தார். மதிலின் சின்னக் கதவைத் திறந்து, குடையை மடக்கி, வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.

பால்சாமி ஒரு பட்டையைப் பிடித்து நீட்டினான். அவருக்குப் பட்டை பிடிக்கத் தெரியவில்லை. ஓரமாக வழிந்து வேட்டியெல்லாம் கஞ்சி. "ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடிங்க சார், பிள்ளையத் தூக்குற மாதிரி" என்றாள் பூமயில். முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு, பிறகு எல்லோரும், பிறகு அவரே. பனைமரத்தடியில் எங்களோடு உட்கார்ந்து குடித்தார். மறுபடியும் நீட்டினார். சுஐபு கருவாடு வைக்கப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டான். அதற்கும் சிரித்தார்.

"அருமை. இது எந்த ஊர்ப் பக்குவம்?"

"கீழக்கரைப் பக்குவம், உப்பூர்க் கை சார்" என்றான் பால்சாமி.

"ஆண்டு மலரில் இதைப் பற்றி எழுது, மலையாண்டி. மாணவர் தொண்டு என்று தலைப்புக் கொடு."

நான் எழுந்து நின்றேன்.

"சார், அடுத்த வாரம் நோம்புப் பிறை. ஞாயித்துக்கிழமை இந்தச் சட்டி பள்ளிவாசலுக்குத் திரும்பிப் போகுது. அது அவங்க சட்டி. திங்கக்கிழமை மத்தியானம் இங்கன அறுபத்தொரு பேருக்குப் பசிக்கும். பதினஞ்சு நாள்ல பரீட்சை. எங்க மூணு மனுவும் ஒங்க மேசையில இருக்கு. காலேஜ் என்ன போடும்? எப்பப் போடும்?"

அவர் பட்டைக்குள் குனிந்து பார்த்தார். அதில் ஒன்றும் மிச்சமில்லை.

மத்தியான வகுப்பு மணி அடித்தது. அறுபத்தொரு பேரில் ஒருவரும் வகுப்புக்குக் கிளம்பவில்லை. பெண்களும்.

"சொல்லுங்க சார்" என்றேன்.